பஸ்ஸுக்குப் பின்னால் இறங்கிய விமானம்

அம்மாவும் டிரைவரும் பேச்சை நிறுத்திச் சில மாதங்கள் ஆகியிருந்தபோதுதான் அந்த விமானம் எங்கள் பஸ்ஸுக்குப் பின்னால் சாலையில் இறங்கியது. அன்று பஸ்ஸில் நானும் இருந்தேன், கடைசி சீட்டில். அதனால் இதில் பாதியை என் கண்ணால் கண்டேன். மீதியை அம்மாவிடமும் டிரைவரிடமும் துருவித் துருவிக் கேட்டுத் தெரிந்துகொண்டேன். "இவளைக் காலேஜுக்கு அனுப்பினதுலேர்ந்து எதுக்கெடுத்தாலும் ஏன் ஏன்னு உயிரை வாங்கறா" என்று அம்மா அலுத்துக்கொள்வாள். அலுத்துக்கொள்ளும்போது பக்கத்தில் யாராவது கேட்கிறார்களா என்றும் பார்த்துக்கொள்வாள்.

அம்மா பஸ் கண்டக்டர். அதற்கு முன் அதே டிப்போவில் பஸ் கழுவும் வேலையில் இருந்தாள். குழாயைப் பிடித்துக்கொண்டு சக்கரத்துக்கு அடியில் குனிந்து குனிந்தே என்னைப் பள்ளிக்கூடம் வரை வளர்த்தாள். பிறகு கண்டக்டர் தேர்வு எழுதினாள். முதல் முறை தேறவில்லை. இரண்டாம் முறை அப்பா தினமும் சலவைக்கூடத்திலிருந்து வந்ததும், கையில் இஸ்திரிச் சூடு ஆறுவதற்குள், விதிப் புத்தகத்தை விரித்து வைத்துக்கொண்டு அம்மாவைக் கேள்வி கேட்பார். அவருக்கு எழுத்துக்கூட்டித்தான் வாசிக்க வரும். அவர் ஒரு வரியை வாசித்து முடிப்பதற்குள் அம்மா பதிலைச் சொல்லிவிட்டு, "அடுத்தது, அடுத்தது" என்பாள். "இரு, இதையே நான் இன்னும் முடிக்கலை" என்பார் அப்பா.

வேலை அவள் உடம்புக்குள் போய்விட்டது. ஓடும் பஸ்ஸில் எதையும் பிடிக்காமல், கால்களை அகட்டி, இடுப்பை ஒரு சீட்டின் முதுகில் லேசாகச் சாய்த்து நின்றபடி டிக்கெட் கிழிப்பாள். வீட்டில் பாத்திரம் தேய்க்கும்போதும் அதே நிற்பு. சமையலறை வாசலில் அப்பா நின்றால், "உள்ள போங்க, இல்லை இறங்குங்க, வழியில நிக்காதீங்க" என்று வந்துவிடும்.

எங்கள் ஊர்ப் பழைய பஸ்களில் கண்டக்டருக்கும் டிரைவருக்கும் நடுவில் ஒரு கயிறு உண்டு. பின்வாசலில் தொடங்கிக் கூரையை ஒட்டியே ஓடி, டிரைவரின் தலைக்கு மேல் ஒரு மணியில் முடியும். ஒரு முறை அடித்தால் நிறுத்து. இரண்டு முறை என்றால் கிளம்பு. மூன்று முறை அடித்தால், வண்டி நிரம்பிவிட்டது, அடுத்த நிறுத்தத்தில் ஆளை ஏற்றாதே, நிற்காமல் போ. விதிப் புத்தகத்தில் அவ்வளவுதான். நான்காவது என்று ஒன்று இல்லை.

சண்டையும் மணியால்தான் வந்தது. ஒரு நாள் முழங்கால் வீங்கிய ஒரு பாட்டி, தலையில் மூட்டையும் கையில் பேரனுமாக, தன் வீட்டு வாசலிலேயே இறக்கிவிடச் சொல்லிக் கெஞ்சியிருக்கிறாள். அங்கே நிறுத்தம் கிடையாது. அம்மா மனம் இளகி ஒரு முறை மணி அடித்தாள். டிரைவர் நிறுத்தினார். எதிர்க்கடையில் டீ குடித்துக்கொண்டிருந்த செக்கிங் அதிகாரி தம்ளரோடு எழுந்து வந்தார். தண்டனை என்னவோ டிரைவருக்குத்தான். நிறுத்தும் கால் அவருடையது என்பது மேலாளரின் கணக்கு. இன்னொரு முறை நிறுத்த விஷயத்தில் தவறு நடந்தால் ஸ்டீயரிங் கிடையாது, டிப்போவில் டயர் எண்ணிக்கொண்டு உட்கார வேண்டியதுதான் என்று சொல்லிவிட்டார்கள்.

டிரைவருக்கு ஸ்டீயரிங் இல்லாத வாழ்க்கையை நினைக்கவே முடியாது. கல்யாண வீட்டுக்கு வந்தாலும் நாற்காலியில் உட்கார்ந்ததும் வலது கால் எதையோ தேடும். அவர் அன்று அம்மாவிடம் வந்து சொன்னார்:

"கண்டக்டரம்மா, இனிமே உங்களுக்கும் எனக்கும் பேச்சு வேண்டாம். அந்தக் கயிறு போதும். ஒண்ணு, ரெண்டு, மூணு. சட்டத்துல என்ன இருக்கோ அது. உங்க இரக்கத்தையெல்லாம் இறங்கிப் போய் வெச்சுக்குங்க."

அம்மாவுக்கும் கோபம். "சந்தோஷம்" என்றாள். அதோடு சரி.

அதற்குப் பிறகு அந்த பஸ்ஸில் பயணிகளுக்குத்தான் கொண்டாட்டம். முன் சீட்டில் எப்போதும் ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியார் ஒருவர் உட்காருவார். அவர்தான் இருவருக்கும் நடுவில் தபால்காரர்.

"வாத்தியாரே, பின்கதவு சரியா மூடலைன்னு அங்க சொல்லுங்க" என்பார் டிரைவர், அம்மாவின் காதில் விழும்படி.

"அம்மா, பின்கதவாம்."

"மூடித்தான் இருக்கு, கண்ணாடியைத் துடைச்சுட்டுப் பார்க்கச் சொல்லுங்க."

"ஏம்ப்பா, கண்ணாடியைத் துடைக்கணுமாம்" என்று வாத்தியார் ஒரு சொல் குறையாமல் கொண்டுபோய்ச் சேர்ப்பார்.

விமானம் வந்த நாள் வெயில் இல்லை. முந்தின இரண்டு நாளும் மழை பெய்து, வானம் ஈரத் துணி போலத் தொங்கியது. ஒரு வேலைக்கான நேர்காணலுக்குப் போய்க்கொண்டிருந்தேன். பாதி சீட்டுகள் காலி. ஊரைத் தாண்டியதும் சாலை வளைவே இல்லாமல் நீண்டு போகும். இடப்பக்கம் வாய்க்கால், வலப்பக்கம் வரிசையாக மின்கம்பங்கள், அதற்கு அப்பால் தண்ணீர் நிற்கும் வயல். நேர்ச்சாலையின் நடுவில் தண்ணீர்த் தொட்டி நிறுத்தம். வாத்தியார் அங்கேதான் இறங்குவார். அங்கே தினமும் ஏறும் ஒரு நர்ஸும் வேறு இரண்டு பேரும் கையை நீட்டிக்கொண்டு நிற்பது தூரத்திலேயே தெரிந்தது. அம்மா ஒரு முறை மணி அடித்தாள். பஸ் வேகம் குறையத் தொடங்கியது.

நான் ஏதோ தோன்றிப் பின்பக்கக் கண்ணாடி வழியாகத் திரும்பிப் பார்த்தேன்.

சாலைக்கு நேர் மேலே ஒரு விமானம் இருந்தது. அது எங்களை நோக்கி வந்துகொண்டிருந்தது. சத்தமே இல்லை. விமானம் என்றால் முதலில் சத்தம், பிறகு அண்ணாந்து தேடினால் ஒரு புள்ளி, அவ்வளவுதான் அதுவரை எனக்குத் தெரியும். இது ஒரு வீட்டின் அகலத்துக்கு இறக்கையை விரித்துக்கொண்டு, கரண்ட் போன வீட்டு மின்விசிறி போல முன்பக்க விசிறி சோம்பலாகச் சுற்ற, காற்றில் சறுக்கிக்கொண்டே கீழே வந்தது. உள்ளே ஒரு மனிதரின் தலை தெரிந்தது. அவர் வாய் திறந்திருந்தது. இவ்வளவு பெரிய ஒன்று இவ்வளவு மெதுவாக, இவ்வளவு அமைதியாக விழ முடியுமா என்றுதான் முதலில் தோன்றியது. பயம் அதற்குப் பிறகுதான் வந்தது. பஸ் நின்றால் அது எங்கள் மேல் வரும், அல்லது எங்களைத் தவிர்க்கத் திரும்பிக் கம்பத்தில் மோதும். வேறு இடமே இல்லை.

கத்துவதற்கு வாயைத் திறந்தேன். அம்மாவின் உள்ளங்கை வந்து என் வாயை அடைத்தது. டிக்கெட் மையும் சில்லறையும் கலந்த வாசனை. அவளும் பார்த்துவிட்டிருந்தாள்.

என் வாயை ஏன் பொத்தினாள் என்பதை அன்றே கேட்டேன். "ஓடற பஸ்ஸுல யாராவது கத்தினா டிரைவர் கால் தானா எங்கடி போகும்?" என்றாள். "பிரேக்குக்குத்தான் போகும். எத்தனை தடவை பார்த்திருக்கேன்."

ஒரு கையால் என் வாயை அழுத்தியபடி மறு கையால் கயிற்றைப் பிடித்து மூன்று முறை அடித்தாள்.

டிரைவரின் இடத்தில் இருந்து நினைத்துப் பாருங்கள். இப்போதுதான் நிறுத்தச் சொல்லி ஒரு மணி வந்தது. தலைக்கு மேலே உள்ள கண்ணாடியில் பாதி பஸ் காலியாகத் தெரிகிறது. எதிரே மூன்று பேர் கை காட்டுகிறார்கள். பக்கத்தில் வாத்தியார் இறங்குவதற்காக எழுந்து நிற்கிறார். அப்போது வண்டி நிரம்பிவிட்டது, நிற்காதே என்று மணி அடிக்கிறது. அடித்தவள், ஏற்கெனவே ஒரு தப்பான மணியால் அவரை மாட்டிவிட்டவள். இன்னொரு தவறு என்றால் ஸ்டீயரிங் போய்விடும். பின்னால் வருவது அவருக்குத் தெரியாது. விமானம் இன்னும் பக்கக் கண்ணாடிகளின் உயரத்துக்கு இறங்கவில்லை.

பஸ்ஸின் வேகம் குறைந்துகொண்டே வந்தது. அம்மா மறுபடி அடிக்கவில்லை. கயிற்றைப் பிடித்தபடியே நின்றாள். கை அப்படியே மேலே.

பிறகு தரை அதிர்ந்தது. எஞ்சின் உறுமியது. கியர் மாறியது. பஸ்ஸின் பின்பக்கமிருந்து கறுப்பாக ஒரு புகை வெடித்து எங்கள் கண்ணாடியை மறைத்தது.

"யோவ்! என் ஸ்டாப்பு!" என்றார் வாத்தியார்.

"வாத்தியாரே, உக்காருங்க!" என்றார் டிரைவர். "மணி வந்துடுச்சு."

நிறுத்தத்தைத் தாண்டியபோது நர்ஸ் கோபத்தில் ஒரு காலைச் சாலையில் வைத்துவிட்டார். அம்மா பின்வாசலில் தொங்கிக்கொண்டு, விலகச் சொல்லி ஒரு கையால் தள்ளித் தள்ளிக் காட்டினாள். கேலி செய்கிறாள் என்றுதான் அந்த நர்ஸ் நினைத்தாராம். திட்டுவதற்காகக் கையை உயர்த்தியவர் மேல் ஒரு நிழல் ஊர்ந்து வந்தது. அண்ணாந்து பார்த்தார். உயர்த்திய கையோடு அப்படியே நிழற்கூரையின் தூணுக்குப் பின்னால் பாய்ந்தார். விமானம் அவருக்கு மேலே போனபோது கேட்டது காற்றின் சத்தம் மட்டும்தான், புடவைக் கடையில் துணியைச் சரக்கென்று விரிப்பது போல இருந்தது என்று பிறகு சொன்னார்.

புகை விலகியபோது விமானம் சாலைக்கு ஓர் ஆள் உயரத்தில் இருந்தது. சக்கரம் தொட்டது, எழும்பியது, மறுபடி தொட்டது. இறக்கையின் நுனிக்கும் கம்பங்களுக்கும் நடுவே எவ்வளவு இடைவெளி இருந்ததோ, நான் பார்க்கவில்லை. பார்க்க முடியவில்லை. அப்போதுதான் டிரைவர் வலப்பக்கக் கண்ணாடியைப் பார்த்திருக்கிறார். கண்ணாடி முழுக்க விமானம்.

"ஒரு நிமிஷம் எனக்கு ஒண்ணும் புரியலைம்மா" என்றார் என்னிடம். "ஏதோ பெரிய வண்டி முந்தப் பார்க்குதுன்னு நினைச்சேன். சைடு குடுக்கலாம்னு கையைக்கூட வெளிய நீட்டப் போனேன்."

சைடு கொடுக்கவில்லை. எதிரே தூரத்தில் ஒரு லாரி வந்துகொண்டிருந்தது. அது எங்களைத் தாண்டினால் நேராக விமானத்தின் மேல்தான் போகும். டிரைவர் விளக்குகளைப் போட்டு, ஹாரனில் கையை வைத்து, பஸ்ஸை நடுச்சாலைக்குக் கொண்டுவந்தார். அவ்வளவு பெரிய வண்டி நடுவில் வந்தால் எவன்தான் நிற்கமாட்டான்? லாரிக்காரர் நிறுத்தி, கதவைத் திறந்து, பாதி உடம்பை வெளியே தொங்கவிட்டுக் கொட்டித் தீர்த்துக்கொண்டிருந்தார். எங்கள் பஸ்ஸும் அவர் முன்னால் வந்து நின்றது. வசவின் நடுவில் அவர் கண் எங்களைத் தாண்டிப் போனது. வாய் அசைந்துகொண்டே இருந்தது, சத்தம் வரவில்லை.

எங்களுக்குப் பின்னால், ஒரு பஸ் நீளத்துக்கும் சற்றுக் கூடுதலான தூரத்தில், விமானம் நின்றிருந்தது. நடுச்சாலையில், நேராக, ஒரு கீறல் இல்லாமல். யாரோ கொண்டுவந்து வைத்ததைப் போல.

எல்லோரும் இறங்கினார்கள். யாரும் கிட்டே போகவில்லை. அதன் கதவு திறந்தது. உள்ளிருந்து வந்தவர் நடுவயதுக்காரர், எந்தக் கடையின் கல்லாவிலும் பார்க்கக்கூடிய முகம். சாலையிலேயே உட்கார்ந்து தண்ணீர் கேட்டார். அம்மா தன் பாட்டிலைக் கொடுத்தாள். மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருக்கிறாராம், கடை மூடும் நாளில் விமானம் ஓட்டுவாராம்.

"கண்ணாடிக் கடையா? அதான் ரோடு நல்லாத் தெரிஞ்சிருக்கு" என்றார் வாத்தியார். சிரிக்க வேண்டிய பேச்சே இல்லை. எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தோம். அந்த மனிதரும் சிரித்தார், சிரிப்பு அழுகையாகிப் பிறகு மறுபடி சிரிப்பானது.

"எஞ்சின் அணைஞ்சுடுச்சு, இழுவை போயிடுச்சு" என்றார் அவர். "காத்துல ஈரம் ஜாஸ்தி. கார்புரேட்டர்ல ஐஸ் பிடிச்சிருக்கும்னு நினைக்கிறேன். அதுக்குச் சூடான காத்தை விட ஒரு குமிழ் இருக்கு, முன்னாடியே இழுத்திருக்கணும். இழுத்தப்போ நேரம் ஆயிடுச்சு."

"ஐஸா?" டிரைவர் கிட்டே வந்துவிட்டார். எஞ்சின் என்ற சொல் அவரை இழுத்துவிட்டது. "பனியே பார்க்காத ஊர்ல, எஞ்சினுக்குள்ள ஐஸா?"

"காத்தும் பெட்ரோலும் கலக்கற இடம் அவ்வளவு குளிர்ந்துடும்."

"திறந்து காட்டுங்களேன்."

"இப்ப இருக்காது. உருகி, தண்ணியாகி, அதுவும் போயிருக்கும்."

டிரைவர் மூடியிருந்த எஞ்சினையே பார்த்துக்கொண்டு நின்றார். நானும்தான். ஒரு மனிதனை வானத்திலிருந்து இறக்கிய பொருள், நாங்கள் பேசிக்கொண்டிருக்கும்போதே சுவடில்லாமல் போய்க்கொண்டிருந்தது. படித்த பாடத்தில் எங்கோ இது இருந்திருக்கும், காற்று விரிந்தால் குளிரும் என்று. பரீட்சையில் எழுதி மதிப்பெண் வாங்கியும் இருப்பேன்.

"மேலேர்ந்து பார்த்தா இந்த ரோடு ஒண்ணுதான் இருந்துச்சு" என்றார் கண்ணாடிக் கடைக்காரர். "ரோட்டுல ஒரு பஸ். அது வேகம் குறையறதைப் பார்த்தேன். முடிஞ்சுது, அவ்வளவுதான்னு நினைச்சேன். வீட்டுல இருக்கறவங்க முகம்கூட வரலை. அந்த பஸ்ஸோட பின்பக்க நம்பர் மட்டும் பெருசாத் தெரிஞ்சுது. திடீர்னு புகை விட்டுச்சு பாருங்க, கறுப்பா... என் வாழ்க்கையில அவ்வளவு அழகான புகையைப் பார்த்ததில்லை." டிரைவரைப் பார்த்துக் கேட்டார்: "நான் வர்றது உங்களுக்கு எப்படித் தெரிஞ்சுது?"

"எனக்கு எங்க தெரிஞ்சுது? அவங்க 'போ'ன்னாங்க. போனேன்" என்று அம்மாவைக் காட்டினார் டிரைவர்.

சாலையைத் திறக்க வேண்டியிருந்தது. லாரிக்காரர், வாத்தியார், பின்னாலேயே மூச்சிரைக்க நடந்து வந்துவிட்ட நர்ஸ், அம்மா, நான், எல்லோருமாக விமானத்தைத் தள்ளினோம். எங்கே கை வைக்கலாம் என்று அவர் சொல்லச் சொல்ல, கம்பங்கள் முடிந்து சாலை ஓரம் அகலமான இடத்துக்கு அது உருண்டு வந்தது. அவ்வளவு லேசாக இருக்கும் என்று நான் நினைக்கவே இல்லை. அலமாரியை நகர்த்துவதுகூட இதைவிடக் கஷ்டம். அம்மா தள்ளி முடித்த பிறகும் கையை எடுக்காமல் இறக்கைக்கு அடியில் நின்றாள். விரலால் தகட்டைத் தட்டிப் பார்த்தாள். "இதுல மேல போறாங்க" என்றாள். யாரிடமும் இல்லை.

டிரைவர் பஸ்ஸின் படியில் உட்கார்ந்திருந்தார். நான் பக்கத்தில் போய் நின்றேன்.

"மாமா, வண்டி காலியா இருந்துச்சே. உங்களுக்குத் தெரியும்தானே?"

"தெரியும்."

"நின்னா உங்களுக்கு ஒண்ணுமில்லை. நிக்காம போனாத்தான் வேலை போகும்."

"அதுவும் தெரியும்."

"அப்புறம் ஏன் போனீங்க?"

கையைத் தேய்த்துக்கொண்டார். "உங்க அம்மா அடிக்கிற மணியில இத்தனை மாசமா ஒரு திட்டு இருக்கும்மா. டிங்குன்னு அடிச்சா அதுக்குள்ளேயே நாலு வார்த்தை இருக்கும். எனக்குப் பழகிடுச்சு. இன்னைக்கு அடிச்சதுல திட்டு இல்லை." மறுபடியும் சொன்னார். "இல்லை. அவ்வளவுதான். வேற என்ன சொல்லச் சொல்றே?"

அந்த நேர்காணலுக்கு நான் போகவில்லை. வேறொரு வேலையில் சேர்ந்தேன். அங்கே எதையும் காரணம் எழுதாமல் செய்ய முடியாது. காரணம் எழுதுவதில் எனக்கு நல்ல பெயர். டிப்போ மேலாளர் டிரைவரைக் கூப்பிட்டு விசாரித்ததாகவும், "சீட்டு காலியா இருந்ததைப் பார்த்தியா?" என்று கேட்டதற்கு, "பார்த்தேன், மணி வந்துச்சு" என்பதை மட்டுமே திரும்பத் திரும்பச் சொன்னதாகவும் கேள்விப்பட்டேன். அவர் ஸ்டீயரிங் அவரிடமே இருக்கிறது. அம்மாவும் அவரும் இப்போது பேசுகிறார்கள், பெரும்பாலும் சண்டைதான். வாத்தியாருக்குத்தான் தபால் வேலை போய்விட்டது.

ஒன்று மட்டும் எனக்குத் தீரவில்லை. கண்ணால் காண்பதற்கு எதிராக இன்னொருவரின் கையை நம்ப எனக்கு வருமா? நான் மணி அடித்தால் யாராவது போவார்களா? போன வாரம் அம்மா காலில் தைலம் தேய்த்துக்கொண்டிருந்தபோது கேட்டேன்.

"அவர் போவார்னு உனக்குத் தெரியும்தானேம்மா?"

அம்மா தேய்ப்பதை நிறுத்தவில்லை. "தெரியும்னு சொல்ல ஆசைதான். ஊரெல்லாம் அப்படித்தான் சொல்லிக்கிட்டிருக்கேன். தெரியாதுடி. அடிச்சுட்டேன். வண்டி வேகம் குறைஞ்சுக்கிட்டே போகுது. உன் மூச்சு என் கையில முட்டுது. இன்னொரு தடவை அடிச்சா நாலாயிடும், அவருக்குக் குழம்பிடும். அதனால அடிக்கவும் முடியாது. கயித்தைப் பிடிச்சுக்கிட்டு நின்னேன்."

"அப்ப என்ன நினைச்சே?"

"ஒண்ணும் நினைக்கலை. அந்த மனுஷனோட பின்மண்டையைப் பார்த்துக்கிட்டிருந்தேன்" என்றாள் அம்மா. "இத்தனை வருஷத்துல அன்னைக்குத்தான் சரியாப் பார்த்தேன். கழுத்துல ஒரு மச்சம் இருக்கு."